கண்ணாடி தூக்கும் இருவர்

“இடது கையுறையை எங்க வெச்ச?” என்றார் என் கணவர். ஜன்னல் கம்பியில் காய்ந்ததை எடுத்துக் கொடுத்து, மணிக்கட்டுப் பட்டியையும் இறுக்கிவிட்டேன். அவரும் என் அண்ணனும் சேர்ந்து கண்ணாடிக் கடை நடத்தினார்கள். கடை கீழே, எங்கள் வீடு மேலே.

பெரிய கண்ணாடியைத் தூக்க இருவர் வேண்டும். என் கணவர் பின்னோக்கி நடப்பார். எதிரே வரும் அண்ணன் வழி பார்த்து, படி வந்தால் “படி” என்பான். இவர் “சரி” என்ற பிறகுதான் அவன் காலை எடுத்து வைப்பான்.

ஊர் ஓரத்து ஆலையை மூடச் சொல்லிப் பேச்சு கிளம்பியது. அண்ணன் மகளுக்கு ஓயாத இருமல்; மூடத்தான் வேண்டும் என்றான். எங்கள் வேலையில் பாதி ஆலைக் குடியிருப்பில். கூடாது என்றார் இவர். முதலில் டீ குடித்துக்கொண்டேதான் சண்டை போட்டார்கள். பிறகு இவர் கைபேசியில் வேலையிழந்து அழும் குடும்பங்களாகவே வந்தன. அவன் கைபேசியில் செத்து மிதக்கும் மீன்களாகவே வந்தன. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எவனோ இவரை ‘ஆலை போடும் எலும்புக்கு வாலாட்டுகிறவர்’ என்று எழுத, அண்ணன் அதற்குச் சிரிக்கும் முகம் போட்டான்.

அதோடு பேச்சு நின்றது. வேலை மட்டும் நடந்தது.

“மாப்ளே, நேர்ல நாலு திட்டு திட்டிடு. இப்படி ஊமையா இருக்காத,” என்றான் அண்ணன் ஒரு நாள்.

இவர் என்னிடம் திரும்பினார். “உங்கண்ணனை அவன் குரூப்ல போய்ப் பேசச் சொல்லு.”

அன்று, நான் எடுத்துக் கொடுத்த கையுறையை மாட்டிப் போனவரை மாடியிலிருந்து பார்த்தேன். வண்டியில் ஏற்றக் கண்ணாடியைத் தூக்கி வந்தார்கள். கடை வாசலில் அண்ணன் “படி” என்றான். பதில் இல்லை. இவர் காலால் துழாவி இறங்கினார்.

“வாயில என்ன பூட்டா? சரின்னு சொன்னா என்னங்க?” என்று கத்தினேன்.

அண்ணாந்து பார்த்தார். “எனக்குக் கால் இருக்கு.”

மதியம், கைப்பிடி வைக்காத புதுக் கட்டடத்தின் படிக்கட்டில், அண்ணன் “படி” என்றான். பதில் வரவில்லை. பல நாளாகவே வராததால் அவனும் காத்திருக்கவில்லை, நகர்ந்தான். இவர் கால் இன்னும் துழாவிக்கொண்டிருந்தது. கண்ணாடி இவரைப் படிக்கட்டின் விளிம்புக்கு அப்பால் தள்ளியது.

மறுநாளே குழு இரண்டானது. ஆலை வேண்டும் என்றவர்களுக்கு அண்ணன் கொலைகாரன். வேண்டாம் என்றவர்களுக்கு இவர் வீம்புக்குச் செத்தவர். இரண்டு பக்கமும் போட்டது ஒரே படம்: எங்கள் கல்யாணத்தில் மூவரும் நின்ற படம், என்னை வெட்டிவிட்டு.

தையல்கடைக்காரர் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார். “அக்கா, ஒரே நிமிஷம் பேசுங்க. நீங்க எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும்.”

“எனக்கு ரெண்டு பக்கமும் போச்சு, தம்பி.” கதவைச் சாத்தினேன்.

அண்ணன் வந்து நின்றான். “நான் சொன்னேன், பாப்பா.”

“பதில் வந்துச்சா?”



ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெரிய கண்ணாடி வேலைகளை அண்ணன் எடுப்பதில்லை. சின்னச் சட்டங்களைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறான். எதிரே யாரும் இல்லை. “படி” என்கிறான். கொஞ்சம் நின்றுவிட்டு இறங்குகிறான்.