டன்னிகன் ஏரி போட்ட தூண்டில்

டன்னிகன் ஏரி மனிதர்களைத் தூண்டில் போட்டுப் பிடிக்க ஆரம்பித்தது, ஆர்விலின் தூண்டில் கடையில் மண்புழு டப்பா கால் டாலர் விலை ஏறிய அதே வசந்தத்தில்தான். முதலில் மாட்டியவர் பாப்டிஸ்ட் சபையின் டீக்கன் ஹாஸ்கெல். காலையில் படகுத் துறைக்குப் போனவர், பலகைமேல் ஒரு தட்டு நிறைய வறுத்த கெளுத்தி ஆவி பறக்க இருப்பதைப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மேலுதட்டில் தூண்டில் முள் ஏறியது, தண்ணீருக்குள்ளிருந்து தூண்டில் நரம்பு விண்ணென்று இழுத்தது. டீக்கன் கரைப்பக்கம் திமிறி ஓடினார், ஒருமுறை துள்ளித் தலையை உதறிப் பார்த்தார், பிறகு களைத்துப்போய் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். அணைக்குப் பக்கத்துக் குடாவில், தண்ணீருக்கடியில், குமிழிகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருப்பதை மறுநாள் ஊரே பார்த்தது. உயிரோடுதான் இருந்தார். கொஞ்சம் சலித்துப்போனவர் மாதிரித் தெரிந்தார். முக்குளிப்பவர்களை இறக்கினார்கள். அவர்கள் கைக்கு வெறும் தண்ணீர்தான் அகப்பட்டது.

கோடை தொடங்குவதற்குள் குடாவில் ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆறாவதாக மர ஆலை முதலாளி மாட்டிய அன்று, ஐவரில் மெலிந்தவளான தபால் நிலையப் பெண் உதட்டில் ஓட்டையோடு இருமிக்கொண்டே கரையேறி வந்தாள். அலபாமாவின் அந்த மூலையில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாஸ் மீன் போட்டியின் விதி அது. பிடித்ததை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டியில் ஐந்து மீனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கடைசியில் மொத்த எடைக்குத்தான் பரிசு. பெரிதாக இன்னொன்று கிடைத்தால், இருப்பதில் சிறியதை ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். ஏரியின் போட்டி எப்போது முடியும், எடை போட்டபின் அந்த ஐவரை அது என்ன செய்யும் என்பதுதான் தெரியவில்லை.

வேறு ஊராக இருந்திருந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருப்பார்கள். இவர்களோ ஆர்வில் கடையில் கூடி, ஏரி எந்தத் தூண்டில் கோலை வைத்திருக்கிறது, நரம்பு சுற்றும் ரீல் எந்த வகை என்று சண்டை போட்டார்கள். கடை தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நின்றது. தரைப்பலகை இடுக்கில் குனிந்து பார்த்தால் ஏரி தெரியும். ஆர்வில் ஒல்லியான மனிதன், காற்றடித்தால் தொப்பியோடு அவனும் பறப்பான் என்று கேலி பேசுவார்கள். ஆனால் இரை தேர்ந்தெடுப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. தண்ணீரின் நிறத்தையும் வந்தவனின் மணிக்கட்டையும் பார்ப்பான், இன்றைக்கு ரப்பர் புழுவா, தகரத் தகடா, மரத் தவளையா என்று சொல்லிவிடுவான், அதற்கேற்ற கோலையும் ரீலையும் எடுத்து நீட்டுவான். பிறந்ததிலிருந்து ஏரியிலேயே கிடந்தவனுக்கு நீச்சல் மட்டும் தெரியாது. தண்ணீர் முழங்காலுக்கு மேலே வந்தால் அவனுக்குப் பயத்தில் உயிரே போய்விடும்.

அன்றைக்குப் பேச்சை ஆரம்பித்தவர் பிங்காம். லாரி ஓட்டுகிறவர், நல்ல கனத்த உடம்பு. "கெட்டியான கோலாத்தான் இருக்கணும் ஆர்வில். டீக்கனையே தூக்கிருச்சே."

"கெட்டிக் கோலுன்னா உதடு கிழிஞ்சு போயிருக்கும்யா," என்றான் ஆர்வில். "இது நுனி வளையிற கோலு. ரீலைத் தளர விட்டு, ஓட விட்டு, அப்புறம் இழுக்குது. கைப்பக்குவம் இருக்கு அதுக்கு, இல்லேன்னு சொல்லல. இரை எடுக்கத்தான் தெரியல. எல்லாருக்கும் தீனியையே காட்டுது. பசிக்காத மீனுக்குத் தீனியைக் காட்டி என்னத்துக்கு ஆகும்?"

"அப்படியா? உங்க வீட்டம்மாவுக்கு என்ன போடணும், சொல்லு பாப்போம்."

ஆர்விலின் மனைவி ஓலீட்டா மூலையில் வேர்க்கடலை அவித்துக்கொண்டிருந்தாள். பருத்த, சிரித்த முகம். "யோவ், வாயை மூடிட்டு வேலையப் பாரு," என்றாள்.

இந்த இடத்தில் அவன் வாயை மூடியிருக்கலாம். எந்த மீனுக்கு எந்த இரை என்று கேட்டால் அவனால் சொல்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். "இவளுக்கு நிறமெல்லாம் எடுபடாது," என்றான். "சத்தம்தான். மழை பேஞ்சு தண்ணி கலங்கிக் கிடக்கிறப்ப, டெலிபோன் மணி. டெக்சஸ்ல இருக்கிற பையன்தான் கூப்பிடுறான்னு நெனச்சா, முள்ளு மேலேயே நடந்து போவா." மகன் கோபித்துக்கொண்டு போய் வருஷக்கணக்காயிற்று, ஒரு வார்த்தை பேசியதில்லை. பலகைக்குக் கீழே தண்ணீர் ஒருமுறை மெல்ல விழுங்குவதுபோல் சத்தம் போட்டது.

அன்று மாலையே வீட்டு டெலிபோனைச் சுவரிலிருந்து பிடுங்கித் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டான். ஏரிப்பக்கத்து ஜன்னல்களுக்கு ஆணி அடித்தான். ஓலீட்டா எழுந்தால் எழுந்தான், உட்கார்ந்தால் உட்கார்ந்தான். பத்து நாளைக்கு மழை இல்லை. பிறகு இரண்டு நாள் விடாமல் பெய்தது. ஏரி செந்நிறமாகக் கலங்கியது. மூன்றாம் நாள் பகலில், துறையின் கடைசிப் பலகையில் டெலிபோன் மணி அடித்தது.

ஓலீட்டா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். ஆர்வில் கதவை மறித்து நின்றான். "அது தூண்டில்டி," என்றான். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஏரி போட்ட தூண்டில் அது."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா போற?"

"ஒருவேளை அவனா இருந்தா?" என்றாள். அவனை லேசாகத் தள்ளினாள். அவள் தள்ளினால் அவன் தள்ளுண்டுதான் போவான். துறையின் முனைக்குப் போய் ரிசீவரை எடுத்து, "கண்ணு," என்று சொல்ல வாயைத் திறந்தாள். முள் ஏறியது. அவள் திமிறவே இல்லை. ஆர்வில் முழங்கால் ஆழம் வரை ஓடி, அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே நின்று அலறினான். ஐவரில் எடை குறைந்தவரான டீக்கனை ஏரி விட்டுவிட்டது. கெளுத்தி வாடையோடு அவர் கரையேறி வந்து, வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

இப்போது குடாவில் இருந்த ஐவரில் எடை குறைந்தவள் ஓலீட்டாதான். அவளைவிடக் கனமான ஆள் ஒருவர் மாட்டினால் போதும், அவள் வந்துவிடுவாள். ஆனால் தன் பெண்சாதியையே பிடித்துக்கொடுத்தவன் வாய் யாரை விடும் என்று ஊருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கரையோரம் கம்பி வேலி கட்டினார்கள். கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். ஆர்விலுக்கு ஒவ்வொருவருடைய இரையும் தெரியும். பிங்காமுக்கு என்ன போட வேண்டும் என்பது உள்ளங்கை ரேகை மாதிரித் தெரியும். ஒருநாள் பிங்காம் விட்டுப்போன சாவியை எடுக்க வந்தபோது, ஆர்வில் பலகை இடுக்கைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். பிங்காமின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னப் பாத்து வாயைத் தெறக்காத ஆர்வில். கும்புடுறேன். எனக்கு மூணு பிள்ளைங்க."

ஆர்வில் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை மட்டும் நீட்டினான். அவர் போன பிறகு, சொல்ல இருந்த அந்த ஒற்றை வார்த்தை வெளியே வந்துவிடாதபடி வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதான்.

தினமும் குடாவுக்குப் போனான். ஓலீட்டா மேலே பார்ப்பாள், கை அசைப்பாள். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. தொட்டியில் கிடக்கும் மீன் எடை குறையும், எந்த மீன்பிடிக்காரனுக்கும் தெரிந்ததுதான். எடை போடுகிற நாளில் போதாத எடையுள்ள மீனை ஏரி என்ன செய்யும்? அந்தக் கேள்விக்கு மேல் அவனால் ஒருநாள்கூடப் பொறுக்க முடியவில்லை. தானே மாட்டுவது என்று முடிவு செய்தான். அவ்வளவு மெலிந்த பிறகும் அவள் அவனைவிடக் கனம்தான். ஆகவே அந்த ஏரிக்கரையில் கொலைகாரன்கூடச் செய்யக் கூசுகிற காரியத்தை ஆர்வில் செய்தான். மீன் வயிற்றில் ஈயம் அடைத்து எடை போட்ட ஒருவனின் சவப்பெட்டிக்குக்கூட யாரும் தோள் கொடுக்காத ஊர் அது. ஆர்வில் கடையிலிருந்த ஈயக்குண்டு அத்தனையையும் எடுத்து, கால்சட்டைப் பைகளிலும் உள்சட்டைக்குள்ளும் நிரப்பித் தைத்துக்கொண்டான். தைக்கும்போது வெட்கத்தில் காது எரிந்தது.

துறையில் போய் நின்றான். ஏரி வறுத்த கெளுத்தி போட்டது, விஸ்கி போட்டது, பளபளவென்று புதுப் படகு ஒன்றைப் போட்டது. பிடித்து இழுத்துப் பார்த்தான். ஆசை இல்லாத வாயில் முள் ஏறவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. ஊர் முழுவதற்கும் இரை சொன்னவனுக்குத் தன் இரை என்னவென்று தெரியவில்லை. ஏரிக்கும் தெரியவில்லை. பலகைமேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தான். கடைசியில் தெரிந்தது. அதைத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னான், பல் கிட்டித்துக்கொண்டதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் துறையில் ஒரு வெளியூர்க்காரன் நின்றான். புதுத் தொப்பி, கையில் வெறும் பெட்டி. அவன் கணுக்காலிலிருந்து நரம்பு ஒன்று தண்ணீருக்குள் போவது நன்றாகவே தெரிந்தது. "அண்ணே," என்றான், "இந்தத் தண்ணிக்கு என்ன போடலாம்? உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க."

ஆர்விலுக்கு உடம்பெல்லாம் உதறியது. சிறுநீர் பிரிந்து ஈயத்தை நனைத்தது. அப்படியும் கண் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டது, வாயும் திறந்துவிட்டது. "தெளிஞ்சிருக்கு தம்பி. அதனால கண்ணை உறுத்துற நிறம் வேண்டாம். கோலு வந்து," என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முள் ஏறியது.

பாதி வழியில், மேலே எழும்பிக்கொண்டிருந்த ஓலீட்டா எதிர்ப்பட்டாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். அவள் அவன் சட்டையைத் தடவிப் பார்த்தாள், ஈயம் தட்டுப்பட்டது. "அடப்பாவி, நீயா?" என்றாள். தண்ணீருக்குள்ளும் அது அவனுக்கு நன்றாகக் கேட்டது. அவன் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினாள். அதற்குள் நரம்பு அவனை இழுத்துக்கொண்டது.

இது நடந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஏரியின் போட்டி இன்னும் முடியவில்லை. கடை திறந்துதான் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் போனால் ஓலீட்டா இருப்பாள், பனிக்காலம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டு, ஈயத்தோடு கிடக்கும் அவனைவிடக் கனத்து, அவனை மீட்க வசந்தத்தில் உள்ளே போவாள். வசந்தத்தில் ஆர்வில் இருப்பான், கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான், அவளை மீட்க ஈயத்தைத் தைத்துக்கொண்டு இலையுதிர் காலத்தில் போவான். ஊர் இதைக் கண்டுகொள்வதில்லை, ஈயத்தைப் பற்றியும் யாரும் வாயைத் திறப்பதில்லை. இருவரும் பார்த்துக்கொள்வது வருஷத்தில் இரண்டு தடவை, தண்ணீருக்கு நடுவில், ஒரு கைப்பிடி நேரம். அவன் இன்னும் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் துறையில் நிற்கும்போது அந்தப் பழைய நடுக்கம் அப்படியே வந்துவிடுகிறது. கண்ணை மட்டும் இப்போதெல்லாம் மூடிக்கொள்வதில்லை.