இடப்பக்கம் யாரும் இல்லை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை சூடுபிடித்துவிட்டால் அதற்கு இடம் இருக்காது. இந்தக் கதை ஒரு கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில், ஓர் இருமலில் தொடங்கியது.

கண்ணில் சொட்டுமருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை உட்காரச் சொல்லியிருந்தார்கள். எதிர்ச்சுவர்க் கடிகாரம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. என் வலப்பக்க நாற்காலியில் ஏதோ வந்து இறங்கியது. யாரோ பீரோவை நகர்த்திவந்து வைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு அது மூச்சு விட்டது. பீரோவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி.

அவர் தலையைத் திருப்பாமல் மனைவியிடம் கேட்டார்.

"என் இடப்பக்கம் யாராவது இருக்காங்களா?"

அந்த அம்மாள் முன்னால் குனிந்து, கணவரைத் தாண்டி எட்டி, என்னைப் பார்த்தார். நேராக. மருந்து விட்டிருந்தது என் கண்ணில்தான், அவர் கண்ணில் இல்லை.

"யாரும் இல்லங்க," என்றார்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பழகிய சொல்தான். (என் வீட்டிலேயே விருந்தாளிகளிடம் கிட்டத்தட்ட இப்படித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள்.) ஆனாலும் முகத்துக்கு நேரே சொன்னால் ரோஷம் வருமா வராதா? இருமினேன். தொண்டையில் ஒன்றும் இல்லை. இருக்கிறேன் என்று சொல்ல ஓர் இருமல், அவ்வளவுதான்.

மூட்டையாகச் சரிந்திருந்த அந்த உடம்பு மெல்ல நிமிர்ந்தது. தாடை மார்பை நோக்கி இறங்கியது. தொடைமேல் மல்லாந்து கிடந்த கைகள் மூடிக்கொண்டன.

"இல்லன்னியே," என்றார் மனைவியிடம். கோபமே இல்லை. ரொம்ப நாள் முன்னால் தொலைத்த பொருள் கட்டிலுக்கடியில் கிடைத்தவரின் குரல்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், இருவரும் எழுந்து போய்விட்டார்கள். மருந்து விட்ட பெண்தான் சொன்னாள்: பழைய குத்துச்சண்டைக்காரர், ஹெவிவெயிட், கண்ணில் அடிபட்டு விலகியவர் என்று.

உண்மை இவ்வளவுதான். இனி எல்லாம் என் புளுகு. எழுத உட்கார்ந்தபோது அப்படித்தான் நம்பினேன்.

2

முதல் தொடக்கம்: "ஆயிரம் தொண்டைகள் அவன் பெயரை முழங்க, வெள்ளமாக ஒளி பாய்ந்த மேடையில் அந்த மாவீரன்

வேண்டாம். நான் அடித்துப் பழகியதெல்லாம் கொசு. அதிலும் பெரும்பாலும் கொசுதான் ஜெயித்திருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "வலி என்பது உடம்பின் தாய்மொழி என்றால்

என்றால் என்ன? ஒன்றுமில்லை. அடுத்தது.

மூன்றாவது, காயங்களிலிருந்து. அவன் மூக்கு பலமுறை உடைந்தது. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று அதற்கே குழப்பம். வலது காது பிசைந்துவைத்த மாவு. வலக்கை முட்டி எலும்பில் கம்பி வைத்துத் தைத்ததில் விரல்கள் முழுதாக மடங்கா. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுவாள். விலா எலும்பு கோணலாக ஒட்டியதால் சிரித்தால் வலிக்கும். அதனால் அவள் அவனிடம் ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டாள். நன்றாகச் சொல்லக்கூடியவள்.

கடைசியாக இடது கண். விழித்திரை கிழிந்து, ஒட்டவைத்து, பாதிதான் ஒட்டியது. அந்தப் பக்கத்து உலகம் பால் ஊற்றிய கண்ணாடி மாதிரி. இன்னொரு குத்து விழுந்தால் அதுவும் அணைந்துவிடும் என்று சொல்லித்தான் ஓய்வு கொடுத்தார்கள். கண் போவதுகூடப் பெரிதில்லை. வருவது தெரிந்தால் கழுத்து தானாக இறுகி அடியைத் தாங்கிக்கொள்ளும். தெரியாமல் வரும் அடிதான் ஆளைக் கொல்லும். எதிராளியின் வலக்கை வருவது இவனுடைய இடப்பக்கத்தில்.

[ஆஸ்பத்திரியில் அவர் 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிட்டான். இதற்காக யாரும் என்மேல் வழக்குப் போட்டதில்லை. பெயரும் வைக்கவில்லை. கூடப் பயிற்சி செய்தவர்கள் 'பீரோ' என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம்.]

3

ஓய்வுபெற்றவனுக்கு ஒரு வேலை வேண்டும். கட்டில், மேசை விற்கும் பெரிய கடையின் வாசலில் காவலுக்கு நிறுத்தினேன். பீரோக்களுக்கு நடுவில் ஒரு பீரோ. என் நகைச்சுவை இந்தத் தரத்தில்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மனைவிக்குச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. சூட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை.

வீட்டை அவள் அவனுடைய வலது கண்ணுக்காக மாற்றி அடுக்கியிருந்தாள். தண்ணீர் பாட்டில், ரேடியோ, செருப்பு, அவள் உட்காரும் நாற்காலி, எல்லாம் வலப்பக்கம். சாப்பாட்டு மேசையில் அவனுக்கு இடப்பக்கம் ஒரு ஸ்டூல் மட்டும் சும்மா கிடந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவன் கேட்பான், இடப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று. அவள் இல்லை என்பாள். அவன் தோள் தளர்ந்து சாப்பிடுவான்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டான். தட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டான், பக்கத்தில் இருப்பவருக்கு முழங்கை இடிக்காமல்.

பிறகு ஓட ஆரம்பித்தான். பிறகு மாஸ்டரைத் தேடிப் போனான். மாஸ்டர் அவனுக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தவர். தகரக்கூரைப் பயிற்சிக்கூடத்தில் கிழிந்த மணல்மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்திருப்பவர். இவனைப் பார்த்ததும் அவருக்குப் பத்து வயசு குறைந்தது.

"வயசாச்சுன்னு எவன்டா சொன்னான்? பீரோவுக்கு ஏதுடா வயசு? கீல் துருப்பிடிக்கும், எண்ணெ விட்டா போச்சு."

ஆனாலும் கேட்டார், ஏன்டா இப்போ என்று. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒருத்தர் என்ன பாத்துட்டே இருக்கார் மாஸ்டர். இந்தப் பக்கம். பேசமாட்டேங்குறார். ஒரே ஒரு தடவ இருமினார்."

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். ஆஸ்பத்திரியில் இருமியது நான். கதைக்குள் அந்த இருமலை நான் இன்னும் கொண்டுவரவில்லை. முதல் பகுதியை மேலே ஒட்டியது வெகுநாள் கழித்துத்தான். இவனுக்கு யார் சொன்னது?

சரி, கை தவறியிருக்கும் என்று தொடர்ந்தேன். அவன் பயிற்சிக்குக் கிளம்பியபின் மனைவி மேசையைத் துடைக்கிறாள். ஸ்டூலையும் துடைக்கிறாள். இந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது தாளில் இன்னொரு வரி இருந்தது. என் கையெழுத்துதான்.

"ஸ்டூல் சூடாக இருந்தது."

மறதி, வயசு, என்று சமாதானம் சொல்லிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. ஜில்லென்று இருந்தது.

4

அவன் மறுபடி இறங்கவிருந்த போட்டிக்கு முன் ஒரு டாக்டர் கண்ணைச் சோதித்துத் தகுதி சொல்ல வேண்டும். மாஸ்டர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கண்ணை மூடு என்றால் இடக்கையால் இடது கண்ணை மூடு. அடுத்த கண் என்றால் கையை மாற்று, வலக்கையால் மறுபடி அதே இடது கண்ணை மூடு. கை மாறுவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், கண்ணை எவன்டா பார்க்கிறான் என்றார்.

டாக்டர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவன் இடக்கையால் மூடி எழுத்துகளைக் கடைசிவரி வரை வாசித்தான். "அடுத்த கண்ணு." கை மாறியது. டாக்டர் தலையை நிமிர்த்தி

அடித்துவிட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். பீரோ வீட்டுக்குப் போய், வலப்பக்கம் வைத்த தட்டில் சாப்பிட்டு, நன்றாக இருந்தான் என்பதை எந்தப் பத்திரிகை போடும்? ஆகவே டாக்டரின் பேனாவில் மை தீரச் செய்தேன். அவர் அதை உதறிக்கொண்டிருக்கும்போதே அவன் வாசித்து முடித்தான்.*

* கெட்டிக்காரத்தனம் என்று அன்றைக்கு என்னையே தட்டிக்கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் இடப்பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு நடந்தான்.

5

இந்த மாதிரிக் கதைகளில் மனைவிக்கு ஒரு காட்சி உண்டு. வாசலில் நின்று "போகாதீங்க" என்று அழ வேண்டும். அதற்காக நல்ல கண்ணீர் வசனமாக எழுதிவைத்திருந்தேன்.

அவள் அதைச் சொல்லவில்லை. அவன் மாடிப்படியில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்டூலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காலியான ஸ்டூலைப் பார்த்தாள். கொஞ்சம் பார்வையை உயர்த்தினாள், ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்துக்கு.

"அன்னைக்கு உங்கள நல்லாதான் பாத்தேன் சார். பாத்துட்டுதான் இல்லன்னேன்."

கை எழுதிக்கொண்டே போனது. நான் எழுதினேன் என்று சொல்லமாட்டேன்.

அவள் சொன்னதன் சாரம் இது. ஆளில்லாத அறையில் அவன் கையைத் தூக்கியதே இல்லை. தனியாக விட்டால் மணல்மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிடுவான். கூட்டம் கத்துவதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. கூட்டம் எதை வேண்டுமானாலும் பார்க்கும். அவனை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், எலும்பு உடைந்திருந்தாலும் எழுந்துவிடுவான். விழித்திரை கிழிந்த அன்றும் அப்படித்தான் எழுந்தான்.

"நானே அவர நேரா பாக்குறதில்ல சார். பாத்தா கை தூக்கிடுவாரு. கண்ணாடியில, தட்டுல, எதுலயாவது பட்டுத் தெரியுறப்ப பாத்துக்குவேன்."

மன்னிப்பு மாதிரி ஒரு வாக்கியம் எழுத முயன்றேன்.

"நீங்க இருமாம இருந்திருக்கலாம்," என்றாள் அவள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எழுந்து போயிடுங்க. போறப்ப சத்தம் மட்டும் போடாதீங்க."

நான் போனால் கதை என்ன ஆகும் என்று கேட்டேன். எழுத்தாளன் கேட்கக்கூடிய கேள்வியைப் பாருங்கள்.

"கதைக்கு என்ன சார், வேற ஆள் கெடைப்பாங்க. எனக்கு இவரு ஒருத்தருதான்."

6

நான் போகவில்லை. முடிவு தெரியாமல் எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஜெயிக்கிறான். எதிராளி விழுகிறான், நடுவர் பத்துவரை எண்ணுகிறார், ஒரு கை வந்து இவனுடைய இடக்கையைத் தூக்கிப் பிடிக்கிறது. நல்ல முடிவு, என் மனைவிகூடப் பாராட்டுவாள். அப்புறம் அவன் நன்றி சொல்லத் தலையை முழுக்க இடப்பக்கம் திருப்புகிறான். நடுவர் அந்தக் கோடியில், விழுந்தவனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இவன் கை இன்னும் உயரத்தில் இருக்கிறது. மணிக்கட்டில் யாருடைய விரல்களோ.

கிழித்துவிட்டேன்.

(ஆ) தோற்கிறான். பால் கண்ணாடிக்குள்ளிருந்து அந்தக் குத்து வருகிறது. அதை எழுத வேண்டுமானால் அது புறப்படும் இடம், தோளின் திருப்பம், முட்டியின் பாதை எல்லாம் தெரிய வேண்டும். எழுதினேன். என் வாழ்க்கையிலேயே துல்லியமான பத்தி அது. திரும்ப வாசித்தபோதுதான் தெரிந்தது, அது எதிராளி நின்ற இடத்திலிருந்து எழுதப்பட்டதே அல்ல. அவன் இடப்பக்கத்து ஸ்டூலிலிருந்து எழுதப்பட்டது. என் வலது தோள் அன்றைக்கு முழுக்க வலித்தது. பேனா பிடித்த வலி இல்லை.

அதையும் கிழித்தேன். இந்த முறை இன்னும் சின்னச் சின்னத் துண்டுகளாக.

7

இன்னும் ஒரே ஓர் அறை இருக்கிறது.

போட்டி நடக்கும் கட்டடத்தில், மேடைக்குப் போகும் வழியில், உடை மாற்றும் அறை. ஒரு நீளப் பலகை, ஒரு வாளி, ஒரு துண்டு, நடுங்கும் டியூப் லைட். முதல் ஆட்டம் நடக்கிறது. கூட்டத்தின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்கிறது.

மாஸ்டர் அவர் கைகளுக்குத் துணி சுற்றி ஒட்டுநாடா போட்டு முடித்துவிட்டார். (ஆமாம், 'அவர்'தான். அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.) உள்ளே எதையும் மறைத்துவைத்துச் சுற்றவில்லை என்று எதிரணி ஆள் வந்து தடவிப் பார்த்து, மணிக்கட்டில் நாடாமேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அது போட்டியின் விதி. கையெழுத்து விழுந்தபின் துணியைப் பிரிக்கக் கூடாது. வெட்டினால் அவர் போட்டியில் இறங்கவில்லை என்று பொருள். வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

மாஸ்டர் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்துவர வெளியே போயிருக்கிறார். நாடா வெட்டிய கத்தரிக்கோல் பலகைமேல் கிடக்கிறது. வலப்பக்கத்தில் மனைவி. எந்தப் போட்டிக்கும் வராதவர் இன்றைக்கு வந்திருக்கிறார். அந்த அம்மாளின் கை கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இடப்பக்கத்தில் ஒரு ஸ்டூல்.

நான் எழுந்துவிட்டேன். சொன்னபடியே, சத்தம் போடாமல். கதவுக்கு வெளியே நின்றுதான் இதைச் சொல்கிறேன். இங்கிருந்து அந்த அம்மாளின் முதுகும், வெள்ளைத் துணி சுற்றிய இரண்டு பெரிய கைகளும்தான் தெரிகின்றன. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்டூல் காலி, இனி அவர்கள் பாடு என்று நினைத்தேன். அப்புறம்தான் வாசிக்கிற உங்கள் ஞாபகம் வந்தது. முதல் வரியிலிருந்து அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழக்கம் விட்டுப்போன கேள்வியை அவர் மறுபடி கேட்கிறார். மெதுவாக, தலையைத் திருப்பாமல்.

"என் இடப்பக்கம் யாராவது இருக்காங்களா?"

அந்த அம்மாள் முன்னால் குனிகிறார். கணவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார். உங்களை, நேராக. வாயைத் திறந்து அந்தப் பழைய பதிலைச் சொல்கிறார். கணவர் கேட்டுக்கொள்கிறார். நம்புவதா வேண்டாமா என்று கொஞ்சம் காத்திருக்கிறார், காதை உங்கள் பக்கம் சாய்த்து. கைகள் முன்னால் நீண்டிருக்கின்றன. கத்தரிக்கோலுக்கா, மேடைக்கா என்று இங்கிருந்து தெரியவில்லை.

தொண்டை கரகரத்தால், தயவுசெய்து, விழுங்கிக்கொள்ளுங்கள்.