வள்ளலின் மனு

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், தமிழர்களின் முத்தொளி மன்றச் சமையலறைக்குத் தச்சர் கிறிஸ்துநாயகம் அலுமாரிகள் செய்து பூட்டிக் கொடுத்து நாளையோடு மூன்று வருடம். நாளை தாண்டினால், அவருக்கு வரவேண்டிய அறுபத்திரண்டாயிரம் குரோனர் கூலி சட்டப்படி செத்துவிடும். அதனால் சனிக்கிழமை காலையிலேயே மனைவி செலீனா மடிக்கணினியில் நீதிமன்றப் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள்.

“அலுமாரியளைக் கழட்டிக்கொண்டு வந்தா என்ன?” கிறிஸ்துநாயகம் மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

“சுவரில பூட்டினது கட்டடத்தின்ர சொத்தெண்டு வக்கீல் சொன்னவரல்லோ. தொட்டா நீங்கள்தான் கள்ளன். ஒப்பந்தம் எங்கை?”

“பாலேந்திரா அண்ணையிட்டை எழுத்தில கேக்கிறதே? குறை நினைப்பார்.”

மன்றத் தலைவர் பாலேந்திரா குறை நினைக்கவில்லை. காசு கொடுக்கவும் நினைக்கவில்லை. கேட்டபோதெல்லாம் ஒரே பதில்: “தம்பி, சபையில பொன்னாடை போர்த்தி ‘வள்ளல்’ எண்டனான். நீரும் குனிஞ்சு வாங்கினனீர். வள்ளல் பில் அனுப்புவானோ?”

குனிந்தது உண்மைதான். அந்தப் பொன்னாடை இப்போது கராஜில் மரம் வெட்டும் மெசினைத் தூசி படாமல் காக்கிறது.

“திறப்புவிழா வீடியோவைப் போடுங்கோ,” என்றாள் செலீனா.

“அது அவையின்ர சாட்சியப்பா. நான் குனிஞ்சு பொன்னாடை வாங்கினது அதிலதானே இருக்கு.”

“அவை காட்ட முதல் நாங்கள் பாப்பம்.”

நாற்பது நிமிட உரை. சோழர் காலத்தில் புறப்பட்ட தலைவர் இருபதாம் நிமிடத்தில்தான் டென்மார்க் வந்து சேர்ந்தார். செலீனா இரண்டாம் தேத்தண்ணி ஊற்றினாள். முப்பத்தோராம் நிமிடத்தில் தலைவர் மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

“என்னுடைய தலைமையில்தான் இந்த மன்றம் அறுபத்திரண்டாயிரம் குரோனர் கூலி பேசி இந்தச் சமையலறையைச் செய்வித்திருக்கிறது! முந்தின தலைவர் ஒரு கேத்திலாவது வாங்கினவரோ?”

பலத்த கைதட்டல். அதன் பிறகுதான் பொன்னாடை.

செலீனா வீடியோவை நிறுத்தினாள். “தன்ர வாயாலேயே சொல்லிப்போட்டார்.”

கிறிஸ்துநாயகம் சிரிக்கவில்லை. “உதை டெனிஷில மாத்திக் குடுக்கவேணுமே?”

“அந்த ஒரு நிமிசம் காணும். முழுசையும் கேக்க நீதவான் என்ன பாவம் செய்தவர்?”

துண்டை வெட்டி, மொழிபெயர்த்து, இணைத்து முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. மனுவை அனுப்ப மின்னொப்பமிடச் சொல்லிக் கைபேசி காத்திருந்தது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

“இதை அனுப்பினா இனி மண்டபப் பக்கம் தலைகாட்ட ஏலாது, செலீனா. ஒரு விழாவுக்கும் கூப்பிடமாட்டினம்.”

“ஓம்,” என்றாள் அவள், கோப்பையைக் கழுவியபடி. “பேச்சும் கேக்கத் தேவையில்லை.”

அவர் ஒப்பமிட்டார்.