உறிஞ்சக் கூடாத வாய்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. என் ஞானப்பல்லைப் பிடுங்கக் காத்திருந்தேன். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒருத்தி புருஷன் தோளில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தாள். தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறவள் என்று அவர்தான் சொன்னார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2.
வலி ஒரு பாம்பைப் போல அவள் தாடையில்
(வேண்டாம். பல்வலிக்காரிக்குப் பாம்பு எதற்கு?)
ஞானப்பல் போனதும் அவளுடைய ஞானமும்
(எல்லோரும் சொல்லித் தேய்ந்தது. அடித்துவிட்டேன்.)

நேராகவே வருகிறேன். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடியிருக்கிறது, அது கழன்றால் எலும்பு தெரியும், எதையும் உறிஞ்சாதே, துப்பாதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அவளும் மண்டையை ஆட்டினாள். மறுநாளே வேலைக்குப் போய், வரிசையாக வைத்த வெள்ளைக் கிண்ணங்களிலிருந்து கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பினாள். ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கக் கூடாது என்றுதான் அவள் புரிந்துகொண்டிருந்தாள். வேலையில் உறிஞ்சுவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அது கணக்கிலேயே வரவில்லை.

(நம்புகிறீர்களா? எனக்கே பாதி நம்பிக்கைதான்.)

3.
வலி காதுவரை ஏறிய பிறகும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாள். அன்று ஒரு கிண்ணத்தில் அழுகல் நாற்றம். அந்தச் சரக்கு முழுவதையும் நிறுத்தச் சொன்னாள். கூட ருசி பார்க்கிற சின்னப்பெண், நன்றாகத்தானே இருக்கிறது அக்கா என்று இழுத்தாள். முதலாளி இவள் நாக்கைத்தான் நம்பினார். சரக்கு கிடங்கிலேயே நின்றது.

சாயங்காலம் காய்ச்சல் அனலாக அடித்தது. டாக்டர் குழியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சீழ் புடிச்சிருக்கும்மா. வாய்லேருந்தே நாத்தம் வருது."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் அந்தக் கிண்ணத்தில்? ஆனால் மற்ற கிண்ணங்களில் நாற்றம் இல்லையே. இல்லையா? வலியில் கவனித்தாளா?

அந்தச் சரக்கின் மாதிரிப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி போட்டுப் பார்த்தாள். மாத்திரைக் கசப்புதான் தெரிந்தது. புருஷனிடம் நீட்டினாள். குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்தாலும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற மனுஷன்.

"டீ மாதிரிதான் இருக்கு" என்றார்.

4.
முதலாளி போன் செய்தார். "லாரி நிக்குதும்மா. அனுப்பலாமா வேணாமா? நீ சொல்றதுதான்."

தப்பென்று ஒப்புக்கொண்டால் இனி அவள் நாக்கை யார் நம்புவார்கள்? அனுப்பச் சொல்லி, அது நிஜமாகவே கெட்டிருந்தால்?

முடிவு ஒன்று: அனுப்பச் சொல்கிறாள். ஒரு வாரம் கழித்து
முடிவு இரண்டு: நிறுத்தச் சொல்கிறாள். மூட்டையைப் பிரித்தால் உள்ளே

(இரண்டும் சரிவரவில்லை. இதற்குள் என் பல்லையும் பிடுங்கியாயிற்று. எழுத எழுத ஏதோ நாறுகிறது. கதையா, என் குழியா? சத்தியமாகத் தெரியவில்லை.)

வீக்கத்தில் அவள் தாடை திறக்க மறுக்கிறது. போனில் லாரி உறுமுகிற சத்தம். மாதிரித் தேநீர் ஒரு கிண்ணம் மிச்சம் இருக்கிறது, இன்னும் சூடு ஆறவில்லை. உங்கள் பற்களெல்லாம் நலம்தானே? ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் போனை வைக்காமல் நிற்கிறாள்.