மூன்றாவது சீட்டு

அகராதி அலுவலகத்தில் எல்லோருக்கும் சொற்களை வைத்துத்தான் பிழைப்பு. அதனாலோ என்னவோ, ஒருவரோடு ஒருவர் பேசுவதில் மட்டும் மகா கஞ்சத்தனம். அன்றைக்கு அதுவும் காற்றில் போயிற்று. காலை பத்தரைக்கே தலைமைப் பதிப்பாசிரியர் ஓர் அச்சுப்படியை, சொற்களுக்குச் சான்றுச் சீட்டெழுதுபவளின் மேஜைமேல் விசிறியடித்தார். 'வாழாவெட்டி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் சிவப்பு மையில் 'வசை' என்று குறித்திருந்தாள். அதை அவர் தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்தார்.

"கணவனைப் பிரிந்து வாழும் பெண். அவ்வளவுதான் பொருள். இதுல வசை எங்கம்மா வந்துச்சு?"

"சொல்றவங்க வாயில சார்."

"வாயெல்லாம் நமக்கெதுக்கு? வேரைப் பாரு. வாழ்வு, வாழ்க்கை, வாழ்த்து எல்லாம் ஒரே குடும்பம். நல்ல குடும்பத்துல பொறந்த சொல்லு."

"பின்பாதியையும் பாருங்க. வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை, வெட்டிப்பய. அதுவும் குடும்பந்தானே? பொண்டாட்டிய விட்டுட்டு ஓடினவனுக்கு இந்த அகராதியில ஒரு சொல்லு காட்டுங்க. என் குறியை நானே அடிச்சிடறேன்."

எதிர் மேஜையில் மெய்ப்புத் திருத்துபவர் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். ஓய்வுபெற அவருக்கு எட்டு மாதம் பாக்கி.

நான்கு வருடங்களுக்கு முன் அவள் மகளையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றபோது, அண்ணி சோற்றோடு சேர்த்துப் பரிமாறிய சொல் அது. இந்த அகராதி பள்ளிக்கூடங்களுக்குப் போகப்போகிறது. மகள் ஏழாவது படிக்கிறாள். தெரியாத சொல்லை உடனே புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை அவளுக்குப் பிடிவாதமாகக் கற்றுக்கொடுத்ததே இவள்தான். அவள் புரட்டும் பக்கத்தில் அந்தச் சொல் மேஜை, நாற்காலி மாதிரி ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் சிவப்பு மையைத் தொட்டாள்.

ஆனால் விதி இருந்தது, அவரே போட்ட விதி. 'வசை' என்று குறிக்க, யாரோ அந்தச் சொல்லால் ஏசியதற்குச் சான்றாக மூன்று சீட்டு வேண்டும். எழுத்தில் வந்ததற்கு அந்த வரியின் நறுக்கை ஒட்டவேண்டும். பேச்சில் வந்ததற்குச் சொன்னவர், இடம், நாள், கூடக் கேட்டவர் ஒருவரின் கையெழுத்து. சொந்தக்காரர்கள் சொன்னது செல்லாது. செல்லுமென்றால் அவள் ஓர் இழுப்பறையையே நிரப்பியிருப்பாள். கையில் இருந்தவை ஒரு பழைய செய்தித்தாள், ஒரு வழக்குத் தீர்ப்பு, இரண்டே.

"மூணாவது சீட்டு எங்க? இல்லேல்ல? குறியை எடு. சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

"எடுக்க மாட்டேன் சார்."

அவர் முகம் சிவந்தது. "புருஷன்கிட்ட ஒழுங்கா குப்பை கொட்டத் தெரியல, சொல்லுக்குத் தீர்ப்பு சொல்ல வந்துட்டா. வாழாவெட்டிக்கு வாயைப் பாரு!"

அவளுக்கு அழுகையும் வந்தது, அறையவேண்டும்போலவும் வந்தது. கைகள் ஒன்பது வருடமாகச் செய்துவந்ததையே செய்தன. பெட்டியிலிருந்து வெற்றுச் சீட்டு ஒன்றை உருவின. அவர் சொன்ன வாக்கியத்தைக் குப்பை உட்பட ஓர் எழுத்து விடாமல் எழுதினாள். சொன்னவர்: தலைமைப் பதிப்பாசிரியர். இடம்: இதே அறை. நாள்: அன்றைய தேதி. கூடக் கேட்டவர்: அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டாள்.

"நீங்க எனக்குச் சொந்தக்காரர் இல்லையே சார்?" என்றாள்.

பிறகு சீட்டை எதிர் மேஜைக்குத் தள்ளினாள். மெய்ப்புத் திருத்துபவர் அதைப் படித்தார். விட்டுப்போன ஒரு புள்ளியைப் பழக்கதோஷத்தில் வைத்தார். தலைமைப் பதிப்பாசிரியர் அவர் பெயரைச் சொல்லி ஒருமுறை அதட்டினார். அவர் நிமிரவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பேனாவை எடுத்தார். மூடி இறுகியிருந்தது; பல்லால் கடித்து இழுத்தார்.