வரவிருப்பவை

“சிவப்பா மாறும்னே போடு,” என்றார் அவர்.

அவள் மடிக்கணினியை முழங்கால்மேல் சரிசெய்துகொண்டு தட்டினாள். மருத்துவமனை நாற்காலிக்குக் கைப்பிடி இல்லை. நாலு நாளாக அதில்தான் உட்கார்ந்திருந்தாள். முதுகு யாருடையதோ போலிருந்தது.

“எச்சரிக்கும்னு போட்டா நல்லா இருக்காதா?”

“வேண்டாம். ரெண்டு டீச்சரை ஒரே ரூம்ல போட்டா கட்டம் சிவப்பா மாறும். அவ்வளவுதான். எச்சரிக்கறதுக்குத்தான் ஹெட்மாஸ்டர் இருக்காரே.”

சிரிக்கப் பார்த்தார், இருமல் முந்திக்கொண்டது. அது அடங்கும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமும்போது முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது.

அவள் துணைத் தலைமையாசிரியை ஆன வருஷம், வீட்டுத் தரை முழுக்க ஆசிரியர் பெயரெழுதிய காகிதத் துண்டுகளைப் பரப்பிக் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தெரியாமல் மின்விசிறியைப் போட, நாற்பது ஆசிரியர்களும் பறந்தார்கள். அந்தக் குற்ற உணர்ச்சியில் எழுத ஆரம்பித்த மென்பொருள் இது. கம்பெனி என்றால் வீட்டின் பின் அறை. ஊழியர் அவர் ஒருவர். குறை சொல்லும் வேலை அவளுடையது. இன்று இருநூற்றுச் சொச்சம் பள்ளிகள் அதை வைத்துத்தான் பாடவேளை பிரிக்கின்றன. பள்ளிகள் திறக்க இன்னும் ஐந்து நாள். பதினான்காம் பதிப்பு நாளைக் காலை பத்து மணிக்கு என்று இணையப் பக்கத்தில் முன்பே அறிவித்திருந்தார். அதோடு போக வேண்டிய குறிப்பைத்தான் அவர் சொல்ல அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

“புதுசு முடிஞ்சுது. இப்ப கீழ போ. ‘வரவிருப்பவை’.”

“வந்துட்டேன். ஏழு இருக்கு.”

“எடுத்துடு.”

“எதை?”

“எல்லாத்தையும்தான்.”

ஏனென்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார். எதையும் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

“சனிக்கிழமையையுமா?”

சனிக்கிழமை அரைநாள் வகுப்புகளைத் தானாகவே அமைக்கும் வசதி அது. ஒரு பள்ளியின் எழுத்தர் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவருக்குப் பெயரே சனிக்கிழமைக்காரர். ஒவ்வொரு பதிப்பிலும் அது பட்டியலில் முதலாவதாக நிற்கும். ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது கோளாறு கிளம்பித் தள்ளிப்போகும்.

“அதையும்தான். அந்த மனுஷனை இதுக்கு மேல ஏமாத்தக் கூடாது.”

கீழேயிருந்து ஆறு வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியாக மிஞ்சியதன்மேல் விரல் நின்றுவிட்டது.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

முப்பது வருஷத்தில் அவரிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“பத்து மணி. மறந்துடாத,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு, அவள் பிளாஸ்க் கழுவப் போயிருந்த நேரத்தில் அவர் போய்விட்டார். அறை வாசலில் நர்ஸ் காத்து நின்ற விதமே சொல்லிவிட்டது. உள்ளே போனவள், பிளாஸ்க்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே பிடித்திருந்தாள்.

மறுநாள் காலை கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் எழுந்து பின் அறைக்குப் போனாள். விடியும்போதுதான் வந்து சேர்ந்திருந்த மகள் பின்னாலேயே வந்தாள்.

“என்னம்மா பண்றே?”

“பத்து மணிக்கு வெளியிடணும்.”

“இப்பவா? அத்தை எல்லாம் வெளிய உட்கார்ந்திருக்காங்க. என்ன நினைப்பாங்க?”

“நாலு நாள்ல ஸ்கூல் திறக்குதே.”

மகள் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

கோப்பு மெல்ல ஏறியது. நாற்பது சதவீதத்தில் நின்றது. எப்போதும் அங்கே நிற்கும். அவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார், தட்டினால்தான் நகரும் என்பதுபோல. அவள் தட்டவில்லை. அது தானாகவே நகர்ந்தது.

அவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. எழுந்தால் கூடத்துக்குப் போக வேண்டும். கால் மணி நேரம் கழித்து அவருடைய செல்பேசி அடித்தது.

“சார், புதுசை இறக்கிட்டேன் சார்! வரவிருப்பவைல நம்ம சனிக்கிழமை மட்டும் தனியா நிக்குது. அப்ப அடுத்தது நிச்சயமா நம்மளுதுதானே?”

மகள் கையை நீட்டினாள். அவள் போனைக் கொடுக்கவில்லை.

“நான் அவரோட மனைவி பேசறேங்க. அவர் நேத்து தவறிட்டார்.”

மறுமுனையில் ஒரு பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

“போன வாரம்கூடத் திட்டி எழுதினேனேம்மா,” என்றார் சனிக்கிழமைக்காரர்.

“படிச்சுக் காட்டினேன். சிரிச்சார்.”

“சனிக்கிழமையை நான் கையாலயே போட்டுக்கறேம்மா. ஒரு மணி நேர வேலைதான். ஆறு வருஷமா அப்படித்தானே போடறேன். கேட்டா சார் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுவார். ஏன் முடியலைன்னு விளக்கமா எழுதுவார். இங்க ஆபீஸ்ல எனக்கு யாரும் ஒரு வரி எழுத மாட்டாங்க. அதுக்காகவே கேட்டுட்டு இருந்தேன்னு வச்சுக்குங்க.”

“சரிங்க,” என்றாள்.

போனை வைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். மிஞ்சியிருந்த வரியையும் அழித்தாள். தலைப்பு மட்டும் நின்றது. அதைத் தொடவில்லை.

“அம்மா, வண்டி வந்துடுச்சு.”

வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவளுடையதில் ஒன்றுதான் கண்ணில் பட்டது. மற்றதைத் தேடக் குனிந்தவள், பாதியிலேயே நிமிர்ந்து, பக்கத்தில் கிடந்த யாருடையதோ ஒன்றில் காலை நுழைத்துக்கொண்டாள். அது கொஞ்சம் பெரிது. தெருவில் வண்டிக்குப் பின்னால் எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். அந்தச் செருப்பு மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.