லேபிள் ஒட்டுகிறவளும் தண்ணீர் குடிக்காதவரும்

பனிமலை லேபிள் ஒட்டிய தண்ணீரைக் குடித்தவர்கள் நட்டநடு வெயிலிலும் வாயால் புகை விட்டார்கள். பச்சை இலை லேபிள் நாக்குக்குத் துவர்ப்பும் வயிற்றுக்கு நிம்மதியும் தந்தது. தங்க வளையம் போட்ட கண்ணாடிப் பாட்டிலில் குடித்தவர்கள் அரைமணி நேரம் யாரையும் மதித்துப் பேசவில்லை. மூன்றுமே ஒரே ஆழ்துளைக் கிணற்றில் ஊறி, ஒரே தொட்டியில் நின்று, ஒரே குழாயில் வந்த தண்ணீர்தான். கம்பெனிக்குள் இது எல்லோருக்கும் தெரியும். வெளியே யாரும் கேட்டதில்லை. இவர்களாக வாய் திறந்ததும் இல்லை.

லேபிள் ஒட்டுகிறவள் அங்கே பத்தொன்பது வருடமாக இருந்தாள். நடுவில் மெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். அது ஒட்டிய பாட்டில்களில் தண்ணீர் வெறும் தண்ணீராகவே கிடந்ததால் மூலையில் போட்டுவிட்டார்கள். விரலால் பசை தடவி, ஈரத்துணியால் ஒரே இழுப்பு. அவள் கை பட்டால்தான் மலை குளிர்ந்தது. ஒரு தடவை, பல்வலியோடு வந்த நாளில், நானூறு பாட்டிலில் மலையைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். குடித்தவர்கள் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள். மேனேஜர் அவளைத் திட்டவில்லை. பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

அவள் கணவர் அதே கம்பெனியில் தண்ணீர் நிரப்பும் மெஷினைப் பார்த்துக்கொண்டார். வினையே அங்கேதான் இருந்தது. எந்தப் பாட்டிலை நீட்டினாலும் அது அதே ஒரு குழாயில் நிரம்பியதுதான் என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தெட்டாவது வயதில் பனிமலை அவருக்குக் குமட்டியது. "பொய் வாடை அடிக்குது" என்றார். போகப்போகச் சந்தேகம் வீட்டுக் குடத்துக்கும் தாவியது. வீம்பு என்று சொல்லிவிட முடியாது. குடிக்க ஆசைப்பட்டுத்தான் வாயில் வைப்பார், தொண்டை ஏற்காது. நான்கு மாதத்தில், நடந்தால் சருகுச் சத்தம் கேட்கிற அளவுக்குக் காய்ந்துபோனார். ஈரச் சட்டையை மாட்டினால் பொத்தான் போடுவதற்குள் உலர்ந்துவிடும். மழைநாட்களில் அக்கம்பக்கத்துக்காரர்கள் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை எடுத்துக்கொண்டு இவர் முதுகைத் தேடி வந்தார்கள். அவரும் முகம் சுளிக்காமல் திரும்பி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "கிட்னி கால் பங்குதாம்மா வேலை செய்யுது. தண்ணி குடிச்சா ரெண்டு வருஷம் ஓட்டலாம். குடிக்கலைன்னா ரெண்டு மாசம். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு விட்டுருவாரு."

அவள் சொல்லவில்லை. நீலக் கண்ணாடி, மண் குடுவை, உறிஞ்சுகுழல் வைத்த காகித டப்பா என்று எதையெல்லாமோ கொண்டுவந்தாள். ராத்தூக்கம் கெட்டு அருவி, ஆலங்கட்டி, முதல் மழை என்று படம் படமாக வரைந்து ஒட்டினாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பாட்டிலை மாத்தினா குழாய் மாறிடுமா?" என்று கேட்டார் பாவம், அவரும் அழாத குறையாக.

ஒரு மதிய இடைவேளையில், மனம் வெறுத்துப்போய், லேபிளைத் திருப்பி ஒட்டி வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: "நம்ம கம்பெனிக் கிணறு. தொட்டி கழுவி ஒன்பது நாள் ஆச்சு. நிரப்பினது நீங்க." அவர் படித்தார். முகர்ந்தார். ஒரு மடக்கு விழுங்கினார். "லேசா இரும்பு ருசி" என்றார், பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசியதுபோல. பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து பாட்டிலுக்கு ஓர் உண்மை எழுதினாள். "உங்க தங்கச்சி வந்தா எனக்கு எரிச்சலா இருக்கும்" என்பது புளித்தது, சிரித்துக்கொண்டே குடித்தார். "கல்யாணத்தன்னைக்கு உங்களை எனக்குப் பிடிக்கலை" என்பது கசந்தது; அதையும் மிச்சம் வைக்கவில்லை. சருகுச் சத்தம் குறைந்தது. பக்கத்து வீடுகள் மறுபடி துணிக்கொடி கட்டின. ஒரு நாள், எழுத ஒன்றும் தோன்றாமல், பிரியத்தில், "நீங்க சீக்கிரம் நல்லாயிடுவீங்க" என்று எழுதி வைத்தாள்.

வாயில் வைத்த வேகத்தில் துப்பினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாள் ஒரு சொட்டு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில், டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் லேபிளில் எழுதி அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்துவிட்டுப் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"எத்தனை நாளா இதை உள்ளேயே வெச்சிருந்த?"

"அஞ்சு வாரமாங்க."

"பைத்தியம்" என்றார். பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடமும் பதினோரு நாளும் இருந்தார், தினம் மூன்று பாட்டில் கணக்கில். கம்பெனியில் வெள்ளை லேபிளுக்கென்று தனி அலமாரியே ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஊர் பனிமலை குடித்துப் புகை விட்டுக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டிலில் அவள், "எனக்குப் பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள். அவர் பாதி குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினார். அவளும் குடித்தாள்.